மடிப்பும் கடனும்

இஸ்திரிப் பெட்டியை வைத்துத் தார்மிகப் பிரச்னை எதையும் எழுப்ப முடியும் என்று நம் நண்பர்களில் பலர் ஒப்புக்கொள்ளமாட்டார்கள். ஏர், தறி, ராட்டை இவற்றுக்கெல்லாம் நம் சிந்தனையில் ஒரு ஸ்தானம் கிடைத்துவிட்டது. ஏர் சோறு தருகிறது, தறி மானம் காக்கிறது, ராட்டைக்கு ஒரு சரித்திரமே இருக்கிறது. இஸ்திரிப் பெட்டி எதையும் உண்டாக்குவதில்லை. ஏற்கனவே இருக்கிற துணியின் மேல், ஒரு பகல்பொழுதுகூட நிற்காத ஒரு கோடு போட்டுவிட்டு ஓய்ந்துவிடுகிறது. அந்தக் கோட்டுக்காக ஒருவன் ஆறேழு கிலோ எடையுள்ள நெருப்பை நாள் முழுவதும் தள்ளிக்கொண்டு நிற்கவேண்டுமா என்பதுதான் என் கேள்வி.

கடத்தூர் போன்ற ஒரு ஊரில் இந்தக் கேள்வி அரூபமானதல்ல. வெற்றிலைச் சந்தையும், பொம்மிடிக்கும் தருமபுரிக்கும் போகும் பஸ்களுமாக இருக்கிற சிற்றூர். இங்கே யார் எதற்காக வெளியே கிளம்புகிறார்கள் என்பதை உடுப்பை வைத்தே சொல்லிவிடலாம். தாலுகா ஆபீசுக்கு மனு கொடுக்கப் போகிறவன், பெண் பார்க்கப் போகிறவன், முதல்நாள் வேலைக்குப் போகிறவன் எல்லோரும் மடிப்போடு போகிறார்கள். காட்டுவேலைக்குப் போகிறவனுக்கு மடிப்பு தேவையில்லை. மடிப்பு அடுத்தவன் கண்ணுக்காக. அதிகாரம் உள்ள கண்ணுக்காக என்று சொன்னால் இன்னும் சரியாக இருக்கும்.

இந்தப் பக்கத்து மண்ணுக்கு இரும்பு புதிதல்ல. கிருஷ்ணகிரிக்கு அருகே மயிலாடும்பாறை அகழாய்வில் கிடைத்த இரும்பின் காலம் கி.மு. 2172 என்று 2022இல் அரசு அறிவித்தது. ஆனால் அந்த இரும்பு துணியின் மேல் ஏற வெகுகாலம் ஆயிற்று. தைக்காத துணிக்கு இஸ்திரி அவசியமாக இருக்கவில்லை. கஞ்சி போட்டு, உதறி, நீவி, மடித்து வைத்தால் போதும். சோழமண்டலக் கரையிலிருந்து கப்பலேறிய சீட்டித் துணிக்கு அரிசிக் கஞ்சியிட்டு, மரக்கட்டையில் வைத்துத் தட்டி, சங்கால் தேய்த்து மெருகேற்றினார்கள். வைகிங்குகள் உள்ளங்கையளவு கண்ணாடிக் கல்லால் தேய்த்தார்கள். சீனத்தில், கங்கு நிரப்பிய பிடிவைத்த கிண்ணத்தால் பெண்கள் பட்டை நீவும் ஓவியம் ஒன்று இருக்கிறது. பன்னிரண்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுதப்பட்ட பிரதி, இப்போது பாஸ்டன் மியூசியத்தில். பெண்கள் துணியை விறைப்பாகப் பிடித்திருக்க, அடியில் ஒரு சிறுமி குனிந்து வேடிக்கை பார்க்கிறாள். அந்தச் சிறுமியை ஓவியன் ஏன் வைத்தான் என்று நான் அடிக்கடி யோசித்ததுண்டு. ஒருவேளை அந்தப் படத்தில் வேலையை வேலையாகப் பார்க்கிறவள் அவள் ஒருத்திதானோ?

நம் தெருவில் இருப்பது வேறு சாதனம். அடி கனத்த பெட்டி, பக்கங்களில் காற்றுத் துளைகள், முன்னால் ஒரு கொக்கி, மேலே மரப்பிடி, உள்ளே கொட்டாங்கச்சிக் கரி. 1882இல் நியூயார்க்கில் ஹென்றி சீலி மின்சார இஸ்திரிக்குக் காப்புரிமை வாங்கிவிட்டார். அப்புறமும் ஒரு நூற்றாண்டுக்கு மேலாக நம் மடிப்புகளில் பெரும்பாலானவை கரியில் பிறந்தவையே. எடை இதில் குறையல்ல, எடைதான் வேலை செய்கிறது. தெளித்த ஈரமும் சூடும் சேர்ந்து பஞ்சு இழையின் உள்பிணைப்புகளைத் தளர்த்துகின்றன; எடை இழையைப் படுக்கவைக்கிறது; துணி ஆறும்போது பிணைப்புகள் புதிய இடத்தில் மறுபடி பற்றிக்கொள்கின்றன. சூடு வெறுமே இளக்குகிறது. மடிப்பை நிறுத்துவது ஆறுதல். பிறகு வியர்வையின் ஈரம் பட்டால் எல்லாம் பழையபடி.

தேய்க்கிறவர் சமூகத்தின் கதையை இதிலிருந்து பிரிக்க முடியாது. வெள்ளாவி வைத்து வெளுத்தவர்களுக்கு ஊர் கொடுத்தது களத்துமேட்டுத் தானியமும் இரவில் வீடுவீடாக எடுத்த சோறும். பிறப்புத் துணியும் சாவுத் துணியும் தீட்டுத் துணியும் அவர்கள் தலையில். தீண்டப்படாதவர்களுக்கு வெளுத்த புதிரை வண்ணார் நிலை இன்னும் கீழே. பார்த்தாலே தீட்டு என்று பகலில் நடமாட விடாமல் வைக்கப்பட்டவர்கள் திருநெல்வேலிப் பக்கம் இருப்பது 1932இல் பத்திரிகையில் வெளிவந்தது. இமையத்தின் 'கோவேறு கழுதைகள்' (1994) வரும்வரை நம் நாவலுக்கு அப்படியொரு குடும்பம் கண்ணில் படவேயில்லை என்பதை நாம் கொஞ்சம் நிதானமாக யோசிக்கவேண்டும்.

தெருவோரத் தள்ளுவண்டி இந்த உறவில் ஒரு உடைப்பைச் செய்தது. புழக்கடையில் நின்றவர் தெருமுனைக்கு வந்தார். சோற்றுக்குப் பதில் உருப்படிக் கணக்கில் காசு. காசு வாங்குகிறவனால் 'இன்றைக்கு முடியாது, நாளைக்கு வா' என்று சொல்ல முடியும். சோறு வாங்கியவனால் முடிந்ததில்லை. இந்த ஒரு வாக்கியத்தின் சாத்தியத்துக்காகவே கரிப்பெட்டியை நான் மதிக்கிறேன்.

இங்கே காந்தியை இழுக்காமல் முடியாது. தென்னாப்பிரிக்காவில் சலவைக் கூலியும் தாமதமும் பொறுக்காமல் அவர் தாமே காலர் தேய்க்கப் பழகியதையும், முதல் காலரிலிருந்து கஞ்சி உதிர, கோர்ட்டில் வக்கீல்கள் சிரித்ததையும் சுயசரிதையில் எழுதியிருக்கிறார். 1912இல் கோகலே அங்கே வந்தபோது, ரானடே தமக்குப் பரிசளித்த அங்கவஸ்திரத்தை ஜோஹன்னஸ்பர்க் விருந்துக்குத் தேய்க்கவேண்டியிருந்தது. காந்தி முன்வந்தார். வக்கீல் காந்தியை நம்புவேன், வண்ணார் காந்தியை நம்பமாட்டேன் என்கிற பொருளில் கோகலே தயங்கினார். காந்தி பிடிவாதமாகத் தேய்த்துக் கொடுத்து அவரிடம் பாராட்டு வாங்கினார்; இனி உலகமே சான்று தராவிட்டாலும் கவலையில்லை என்று அவருக்கு ஆயிற்று.

எல்லோரும் இதில் காந்தியின் பக்கம் சாய்வார்கள். எனக்குக் கோகலேயின் தயக்கம் பிடித்திருக்கிறது. அது ஒரு திறமை, பாரிஸ்டராக இருப்பதால் கைவந்துவிடாது என்று ஒப்புக்கொள்கிற தயக்கம் அது. காந்தி தேடிய விடுதலை வேறு: இன்னொருவன் கைக்குக் கடன்படாமல் இருப்பது. கடனைத் தீர்ப்பதற்கும் கடனே வாங்காமல் ஒதுங்கிவிடுவதற்கும் வித்தியாசம் இருக்கிறது. எல்லோரும் வீட்டில் தாமே தேய்த்துக்கொண்டால் மனச்சாட்சி சுத்தமாகும், தெருமுனை வண்டி காலியாகும்.

பிறகு 1921இல், மதுரையில், அவர் சட்டையையே விட்டார். அந்தத் துறவின் கனத்தை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் ஒன்பது வருஷம் கழித்து, 1930 டிசம்பரில், ராமநாதபுரம் ஜில்லாவில் ஆதிதிராவிடர்கள்மேல் எட்டுத் தடைகள் விதிக்கப்பட்டன. ஆண்கள் முழங்காலுக்குக் கீழேயும் இடுப்புக்கு மேலேயும் துணி உடுத்தக்கூடாது, கோட்டு, சட்டை, பனியன் கூடாது. கண்ணுக்கு இரண்டும் ஒரே உடம்புதான், இடுப்பில் துணி, வெற்று மார்பு. ஒன்று தானே களைந்தது, மற்றது உடுத்தவிடாமல் தடுத்தது. எளிமையை ஒரு பொது ஒழுக்கமாகச் சொல்கிறவர்கள் இந்த இரண்டு உடம்புகளுக்கும் ஒரே உபதேசம் செய்ய முடியுமா? அம்பேத்கர் கோட்டும் டையுமாக நின்றது இதற்கு ஒரு பதில். அதை ஆடம்பரம் என்றவர்கள் அன்றும் இருந்தார்கள்.

பழைய கதை என்று தள்ளவும் வழியில்லை. இதே தருமபுரி மாவட்டத்தில் 2012 நவம்பர் 7 அன்று நத்தம், அண்ணா நகர், கொண்டம்பட்டி ஆகிய மூன்று தலித் குடியிருப்புகள் எரிக்கப்பட்டன. ஒட்டிவந்த மாதங்களில் ஜீன்ஸும் டி-ஷர்ட்டும் கறுப்புக் கண்ணாடியும் மேடைகளில் குற்றச்சாட்டுகளாக ஒலித்தன. அந்தக் குடியிருப்புகளிலிருந்து ஒரு பையன் மடிப்புக் கலையாத சட்டையோடு பஸ் ஏறினால் அது வெறும் அலங்காரமென்று என்னால் சொல்ல முடியாது. அவன் உரிமை கோருகிறான். அந்தக் கோரிக்கைக்கு விறைப்புக் கொடுத்தவர், அவனைப்போலவே கீழே வைக்கப்பட்ட இன்னொருவர். அவர் போட்டிருப்பதோ கசங்கிய பனியன். நெருப்பின் பக்கத்தில் மடிப்பு நிற்காது.

ஆகவே மடிப்பு வேண்டாம் என்று நான் சொல்லப்போவதில்லை. அந்த வேலையின் இலக்கணமே கை தெரியாமல் முடிப்பதுதான் (நம் வசனத்திலும் இதே இலக்கணத்தை வைத்துக்கொண்டு மடிப்புக் கலையாத வாக்கியங்களை மெச்சுகிறோம்). கை தெரியாதபோது கூலியும் தெரியாமல் போகிறது. ஓட்டலில் மீதிச் சில்லறையை எண்ணாமல் எழுந்து வருகிறவர், உருப்படிக்கு ஒரு ரூபாய் ஏறினால் வண்டியருகே நின்று நியாயம் பேசுகிறார்.

கரியின் புகைக்கு மாற்று தேடுகிறார்கள். பக்கத்துத் திருவண்ணாமலையின் பள்ளி மாணவி வினிஷா உமாசங்கர் சூரிய சக்தியில் இயங்கும் இஸ்திரி வண்டியை வடிவமைத்து, 2021இல் கிளாஸ்கோ பருவநிலை மாநாட்டில் பேசினார். அரசின் பிற்படுத்தப்பட்டோர் நலத்துறை விலையில்லாத் தேய்ப்புப் பெட்டிகளைக் கொடுத்துவந்திருக்கிறது, முதலில் பித்தளையில், பிறகு எரிவாயுவில். வாங்குகிறவருக்குத் தோளில் பாரம் குறைகிறது, நல்லதுதான். விண்ணப்பத்தோடு அவர் இணைக்கவேண்டியவற்றில் சாதிச் சான்றிதழும் ஒன்று.