ஏழு இலை, ஏழு சட்டம்

தருமபுரியில் துணிப்பைகளுக்கு ஸ்கிரீன் பிரிண்டிங் போடுவது என் தொழில். சென்ற ஆடியில் எங்கள் ஊர்க் கன்னிமார் பொங்கலுக்குப் பை கேட்டார்கள். ஏரிக்கரை வேம்படியில் மஞ்சள் பூசிய ஏழு கற்கள், அவர்கள்தான் கன்னிமார். செலவு குறையட்டும் என்று ஒரே முகத்தை ஏழு முறை வரைந்து காட்டினேன். பூசை செய்யும் பாட்டி பார்த்துவிட்டுக் கேட்டார்: "ஏழு பேருக்கும் ஒரே மொகமா கண்ணு? ஒரே எலையிலயா படையல் போடறோம்?"

அந்தக் கேள்வி என்னை விடவில்லை. பெரிய கோயில்களில் பிராமி முதல் சாமுண்டி வரை ஏழு தாய்மார் வரிசையாக அமர்ந்திருப்பார்கள். தேவி மாகாத்மியத்தில், பிறர் பலத்தில் போரிடுகிறாய் என்று அசுரன் சும்பன் பழித்ததும், இவர்கள் என் வடிவங்களே என்று தேவி அத்தனை பேரையும் தன்னுள் ஒடுக்கிக்கொள்கிறாள். பலரும் ஒருத்தியே என்பது அந்தத் தத்துவம். ஆனால் எங்கள் ஏரிக்கரையில் யாரும் யாருக்குள்ளும் ஒடுங்கவில்லை. ஏழு பேருக்கும் ஏழு இலை.

என் தொழிலும் அதையே சொல்கிறது. ஒரு நிறத்துக்கு ஒரு சட்டம். அந்த நிறம் இறங்கும் இடம் மட்டும் வலைத்துணியில் திறந்திருக்கும். ஒன்று காய்ந்த பிறகே அடுத்தது. ஈரத்தின்மேல் இழுத்தால் இரண்டும் கலங்கிவிடும். தனித்தனியாக நின்றால்தான் படம்.

தனித்தனியாக நிற்பது என்றதும் அரூர்ப் பக்கத்து வாச்சாத்தியை நினைத்துக்கொள்கிறேன். 1992 ஜூன் 20 அன்று வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறை ஆட்கள் ஊருக்குள் புகுந்து சூறையாடினார்கள். 18 பெண்கள் வன்கொடுமைக்கு ஆளானார்கள். 2011இல் தருமபுரி நீதிமன்றம் குற்றம் சாட்டப்பட்ட 269 பேரையும் குற்றவாளிகள் என்றது. அதற்குள் 54 பேர் இறந்திருந்தார்கள். 2023இல் உயர் நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை உறுதிசெய்தது. நாம் அவர்களை 'வாச்சாத்திப் பெண்கள்' என்று ஒரே பெயரில் சொல்லிவிடுகிறோம். ஆனால் தனக்கு நேர்ந்ததை அவரவர்தானே சொல்ல முடியும்? ஒருத்தி சொல்லுக்கு அடுத்தவள் சொல் முட்டுக்கொடுத்தது. பெண்ணுக்குப் பெண் துணை என்பதை நான் அங்கேதான் கற்றேன். கரைந்துபோவதல்ல அது, பக்கத்தில் நிற்பது. சக்தி ஒன்று என்றால், அது அந்த நெருக்கத்தில்தான் இருக்கிறது என்று நம்புகிறேன்.

ஏழு முகம் வரைந்தேன். ஒருத்தி கிழவி, ஒருத்தி சிறுமி, ஒருத்தி கறுப்பு, ஒருத்தி மொட்டைத்தலை. ஏழு சேலைக்கு ஏழு நிறம், ஏழு சட்டம்.

பையை வாங்கியதும் பாட்டி கும்பிடவில்லை. ஒவ்வொரு முகமாக விரல் வைத்து எண்ணினார். ஏழு வந்த பிறகுதான் கைகூப்பினார்.