வாடை யாருக்கு?

எமது கிராமத்துத் தென்னந்தோட்டமொன்றில் பெரிய கோழிப்பண்ணை வரப்போவதாகச் செய்தி பரவிய வாரம், ஜும்ஆ முடிந்த கையோடு பள்ளிவாசல் நிர்வாகத்தினர் என்னைச் சூழ்ந்துகொண்டனர். "சேர், நீங்கதான் நல்லா எழுதுவீங்க. மனு ஒண்டு எழுதித் தாங்க" என்றனர். எழுத உட்கார்ந்தபோதுதான் நான் எதை எதிர்க்கிறேன் என்ற கேள்வி என்னை மறித்தது.

வாடை சிறிய விடயமல்ல. தரையில் பரப்பிய உமியில் எச்சமும் ஈரமும் சேர, அமோனியா எழுகிறது, இலையான் பெருகுகிறது. பச்சை வெங்காயமும் உள்ளியும் தின்ற வாடையோடு பள்ளிவாசலுக்கு வருவதையே நபி (ஸல்) அவர்கள் தடுத்திருக்கிறார்கள். வாயின் வாடைக்கே இத்தனை கண்டிப்பென்றால், ஓர் ஊரின் மூச்சுக்காற்றைக் கெடுப்பதற்கு? எமது வடமேல் மாகாணத்துக்கென்றே 1990ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சுற்றாடல் நியதிச்சட்டமும் இருக்கிறது. முறையிடுவதில் தவறில்லை.

"ஹோர்மோன் ஊசி போட்ட கோழி எண்டும் போடுங்க சேர்" என்றார் ஒருவர். மறுத்தேன். புரொயிலர் கோழி ஆறு கிழமைக்குள் இரண்டு கிலோவைத் தொடுவது, தலைமுறை தலைமுறையாகத் தெரிந்தெடுத்து விருத்தி செய்த இனத்தாலும் செறிந்த தீனியாலுமே, ஊசியால் அல்ல. மனுவும் ஒரு சாட்சியம்தான். கோபத்துக்காகச் சாட்சியத்தில் பொய் கலக்க மார்க்கத்தில் இடமில்லை.

உண்மையான சங்கடம் அடுத்த ஞாயிறு ஒரு வலீமாவில் வந்தது. சஹனைச் சுற்றி ஆறு பேர். நடுவில் பொரித்த கோழி. மனுவில் கையொப்பமிட ஒப்புக்கொண்ட விரல்களே அதைப் பிய்த்தன. என் விரல்களும்தான். அந்தக் கோழி எங்கோ ஓர் ஊரில், தலைக்கு ஏறத்தாழ ஒரு சதுர அடி இடத்தில் வளர்ந்தது. அந்த ஊரவர் சிங்களவரோ, தமிழரோ, நம்மவரோ, அவர்களுக்கும் மூக்கு உண்டு.

பூனையை அடைத்துப் பட்டினி போட்டுச் சாகவிட்ட பெண் தண்டனைக்குள்ளான ஹதீஸை வகுப்பில் எத்தனையோ முறை சொல்லியிருக்கிறேன். பண்ணைக் கோழிக்குத் தீனி குறைவில்லை. ஆகவே உவமை முழுதாகப் பொருந்தாது. எனினும் அடைப்பவன் அடைபட்ட உயிருக்குப் பொறுப்பாளி என்ற நியதி பொருந்தும். நாமோ, அறுக்கும்போது சொல்லும் பிஸ்மியோடு நமது பொறுப்பு தொடங்கி முடிவதாக நினைத்துவிட்டோம்.

மறுபக்கமும் உண்டு. "பண்ணை வந்தா எண்ட மகனுக்கு வேல கெடைக்கும் சேர்" என்று கூலிவேலை செய்யும் ஒரு தகப்பன் மெதுவாகச் சொன்னார். மாட்டிறைச்சி வாங்க வசதியற்ற வீட்டில் கறிமணம் வீசுவதும் இந்தக் கோழியால்தான். அவர்களை மறந்து எழுதும் மனு வசதியுள்ளவர்களின் மனுவாகிவிடும்.

ஆகவே "எமது ஊரில் வேண்டாம்" என்பதை வெட்டினேன். வீடுகளுக்கும் கிணறுகளுக்கும் போதிய தூரம், எச்சத்தை மூடி உக்கவைக்கும் ஏற்பாடு, கோழிகளுக்குக் காற்றும் இடமும்: இவையின்றி எந்த ஊரிலும் பண்ணை வேண்டாம் என்று எழுதினேன். இதனால் கோழி விலை கூடினால் அதை நாங்களும் ஏற்கிறோம் என்று கடைசியில் ஒரு வரி சேர்த்தேன்.

"அது எதுக்கு சேர்?" என்று நிர்வாகத்தினர் அந்த வரியை மட்டும் நீக்கிவிட்டனர். மீதிக்குக் கீழே நானும் கையொப்பமிட்டேன். நீக்கிய வரி இன்னும் என் கொப்பியில் இருக்கிறது. மனுவில் மிகவும் உண்மையான வரி அதுதான் என்று நினைக்கிறேன். ஏனெனில், அதில் மட்டுமே பிறரிடம் கேட்பதை விட்டு நாம் எதையேனும் கொடுக்க முன்வந்திருந்தோம்.