ஈர வைக்கோல்

வாணிபத்தில் பொய்யுரைப்பது குற்றம் என்பதை அறியாதார் இலர். ஆனால், ஒரு பொய்யும் சொல்லாமல், உண்மையை உள்ளே வைத்து மூடி விற்பவனைக் குற்றவாளி எனலாமா? இவ்வினாவைப் பெரிய கடைவீதியில் வைத்து ஆராய்வதினும், ஒரு சிறு வயலின் வரப்பில் நின்று ஆராய்வது நலம்.

காவிரிப் படுகையில் குறுவை நெல் புரட்டாசி, ஐப்பசியில் அறுவடைக்கு வரும். வடகிழக்குப் பருவமழை தொடங்கும் காலமும் அதுவே. முன்னாளில் அரிவாளால் அறுத்து, களத்தில் அடித்து, வைக்கோலை உதறிக் காயவைத்துப் போர் போட்டார்கள். ஒரு பிடி உருவிப் பார்த்தாலே அதன் நிலை வாங்குவோனுக்குப் புலப்பட்டுவிடும். இன்றோ அறுவடை இயந்திரம் வயலிலேயே விட்டுச் செல்லும் தாளை, மற்றோர் இயந்திரம் உருளையாகச் சுருட்டி இறுக்கிவிடுகிறது. மேற்புறம் பொன்னிறம், நடுவிலோ மழைநீர்.

ஈரம் 100-க்கு 20 பங்கை மிஞ்சினால் கட்டு உள்ளுக்குள் சூடேறும், பூஞ்சணம் படரும். அத்தகைய வைக்கோலைத் தின்ற எருமைகளுக்கு வால் நுனியும் காது மடலும் குளம்பும் அழுகும் நோய் ஒன்று உண்டு. பஞ்சாபில் முதலில் அறியப்பட்ட அதற்கு ‘டெக்னாலா’ என்று பெயர். பணம் பெறுபவன் ஒருவன்; துன்பம் பெறுவது வாயில்லாப் பிராணி.

“மழை பெய்தது என் குற்றமா?” என்று விற்பவன் கேட்கலாம். மதீனத்துக் கடைத்தெருவிலும் ஒரு வணிகர் மழையையே காரணம் காட்டினார். அவருடைய தானியக் குவியலுக்குள் கை நுழைத்த அண்ணல் நபி (ஸல்) அவர்களின் விரல்களில் ஈரம் பட்டது. நனைந்ததை மக்கள் காணுமாறு மேலே வைத்திருக்கலாகாதா என்று பெருமானார் வினவினார்கள். ஏமாற்றுவோர் தம்மைச் சார்ந்தவரல்லர் என்றும் எச்சரித்தார்கள். ‘ஸஹீஹ் முஸ்லிம்’ இதனைப் பதிவு செய்துள்ளது. நனைந்ததை விற்கவே கூடாது என்று அவர்கள் தடுக்கவில்லை என்பது சிந்திக்கத் தக்கது. பொருளில் குறை நேர்வது பாவமன்று. அதனை மறைப்பதே பாவம்.

“வாங்குவோன் பார்த்துத்தானே வாங்கினான்?” என்பது அடுத்த வாதம். அவன் பார்த்தது கட்டின் மேற்புறத்தை; மழை பெய்த நாளில் வயலில் நின்றவன் விற்பவன். மேலும், தீவனத்திற்குரிய விலையைக் கேட்கும்போதே ‘இது தீவனம்’ என்று அவன் சொல்லாமற் சொல்லிவிடுகிறான். ஆகவே அவனது மௌனமும் ஒரு பேச்சே, அதுவும் பொய்ப்பேச்சே.

சிறு விவசாயியின் இடர் எளிதன்று. நெல் விற்ற பணம் கூலிக்கும் உரக் கடனுக்கும் போய்விட, வைக்கோற் காசே வீட்டுச் செலவுக்கு மிஞ்சுவதுண்டு. எனினும் வழி முற்றும் அடைபட்டுவிடவில்லை. நனைந்த கட்டுகளைத் தனியே பிரித்து, மூடாக்குக்கும் எருவுக்கும் மட்டுமே ஆகும் என்று சொல்லிக் குறைந்த விலைக்குக் கொடுக்கலாம். வயலிலேயே மக்கவிட்டாலும் முழு நட்டமன்று. நெற்பயிர் உறிஞ்சிய சாம்பல் சத்தில் பெரும்பங்கு தாளில்தான் தங்கியிருக்கிறது.

அப்படியும் சிறிது நட்டம் எஞ்சவே செய்யும். ஆனால் மறைத்து விற்பவன் அந்த நட்டத்தை அழித்துவிடுவதில்லை. ஒற்றைக் கறவை மாட்டை நம்பி வாழும் ஓர் ஏழையின் தொழுவத்திற்கு அதை அனுப்பி வைக்கிறான். மழையால் வந்த இழப்பைப் பொறுத்துக்கொள்பவனுக்குக் காசு குறையலாம், பரக்கத் குறையாது.