எதற்குப் போதும்?

டிவிக்குப் பின்னால் செருகி வைத்த சின்னப் பெட்டிக் கணினி பழசாகி, படம் திக்கித் திக்கி ஓடத் தொடங்கும்போது வீட்டில் எழும் கேள்வி வெறும் விலைக் கணக்கு போலத்தான் தெரியும். புதுசு வாங்கிவிடலாமா, இருப்பதில் இரண்டு பாகத்தை மாற்றி ஓட்டலாமா? ஆனால் இதற்குள் ஒரு பழைய அறக்கேள்வி உட்கார்ந்திருக்கிறது: குடும்பம் நடத்துகிறவரின் ஆசைக்கு எல்லை எது? துறவிக்கு விடை எளிது, எல்லாவற்றையும் விட்டுவிட வேண்டியதுதான். இல்லறத்தாருக்கு அந்த விடை உதவாது. அவருக்கு வேண்டியது அளவு. அந்த அளவை மனம் தானாகச் சொல்லாது. கடைக்காரர் சொல்லவே மாட்டார். எந்த வேலைக்காக ஒரு பொருள் வீட்டுக்குள் வந்ததோ அந்த வேலைதான் சொல்லும் என்பது என் கட்சி. கையைக் கடிக்கிற நிலையில் கணினியைத் திறந்து உட்காருகிறவர் இதைப் பணம் படைத்தவரைவிடச் சீக்கிரம் கற்றுக்கொள்கிறார்.

திருக்குறளில் அவாவறுத்தல் துறவறவியலில் இருக்கிறது. அதைத் தூக்கி வந்து இல்லறத்தார் தலையில் கட்டுவது நம் மேடைப் பேச்சாளர்களுக்கு வழக்கமாகிவிட்டது. இந்த விஷயத்தை நேராகத் தொடுவது பொருட்பாலில் வரும் வலியறிதல், 48ஆம் அதிகாரம். போருக்குப் புறப்படும் அரசனிடம் பேசுவது போலத் தொடங்கி, செயலின் வலிமை, தன் வலிமை, எதிரியின் வலிமை, துணைவரின் வலிமை என்று எடைபோடச் சொல்கிறது. கடைசி நான்கு குறள்களில் பேச்சு ஈகைக்கும் வரவு செலவுக்கும் திரும்பிவிடுகிறது. படைக் கணக்கையும் வீட்டுக் கணக்கையும் வள்ளுவர் ஒரே அதிகாரத்தில் வைத்ததில் ஒரு நியாயம் தெரிகிறது. செய்ய வேண்டிய வேலையை எடைபோடாதவரால் செலவை எடைபோட முடியாது.

பத்து வருடத்துக்கு முந்தைய, இன்டெல் ஐந்தாம் தலைமுறை பிராசஸர் உள்ள ஒரு பெட்டியை எடுத்துக்கொள்வோம். நாலு ஜிபி ராம், சுழலும் ஹார்ட் டிஸ்க். அது மந்தமாக இருப்பதற்குப் பெரும்பாலும் பிராசஸர் காரணமல்ல. ஹார்ட் டிஸ்க்கின் முனை தட்டின் மேல் அங்குமிங்கும் ஓடித் தேடுவதுதான் காரணம். அதைக் கழற்றிவிட்டு 240 ஜிபி எஸ்எஸ்டி ஒன்றைப் பொருத்தினால் பெட்டி சுறுசுறுப்பாகிவிடும். இன்னொரு நாலு ஜிபி ராம் போடலாம், ஆனால் 1.35 வோல்ட்டில் ஓடும் டிடிஆர்3எல் வகைதானா என்று பார்த்து வாங்க வேண்டும், பழைய 1.5 வோல்ட் ராமைச் செருகினால் பெட்டி உயிர் பெறாமலே கிடக்கலாம். விருதுநகர் வட்டாரத்து வெயிலுக்கும் புழுதிக்கும் விசிறி அடைத்துப் போயிருக்கும். தூசியைத் தட்டி, காய்ந்த தெர்மல் பேஸ்ட்டை வழித்துப் புதிதாகத் தடவினால் சூடு இறங்கும். சூடு ஏறினால் பிராசஸர் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும் என்பது பலருக்குத் தெரியாது. விண்டோஸ் 10க்கான பொது ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14 அன்று நிறுத்திவிட்டது, விண்டோஸ் 11 இந்தப் பெட்டியை முறைப்படி ஏற்காது. அதனால் என்ன? லினக்ஸும், படம் பார்ப்பதற்கென்றே வந்த ‘கோடி’ (Kodi) என்ற மென்பொருளும் காசில்லாமல் கிடைக்கின்றன.

இத்தனைக்குப் பிறகும் யூடியூப் திக்கலாம். இங்கேதான் விஷயம் சுவையாகிறது. யூடியூப் தன் வீடியோக்களை விபி9, ஏவி1 போன்ற புதிய வகைச் சுருக்கத்தில் அனுப்பப் பார்க்கும். அவற்றை விரிக்கும் தனிச்சுற்று இந்தச் சில்லில் முழுமையாக இல்லை. எச்.264 வடிவத்தையே அனுப்பும்படி பிரவுசரில் ஒரு சின்ன நீட்சியை (எக்ஸ்டென்ஷன்) போட்டுவிட்டால் 1080 அளவில் அதே வீடியோ அதே பெட்டியில் தடங்கலின்றி ஓடுகிறது. பெட்டி கெட்டுப் போகவில்லை, அதைச் சுற்றியிருந்த ஏற்பாடு மாறியிருக்கிறது. ‘பழசாகிவிட்டது’ என்று நாம் சொல்வதில் பாதி இப்படிப்பட்டதுதான். மறுபாதி உண்மையான எல்லை என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். 10 பிட் எச்இவிசி வடிவத்து 4கே படத்தை முழுக்கத் தன் சுற்றிலேயே விரிக்கும் திறன் இன்டெல் ஏழாம் தலைமுறையில்தான் வந்தது. எஸ்எஸ்டி போட்டோ ராம் போட்டோ அதை வாங்கிவிட முடியாது. 1080 டிவியில் பழைய படமும் பாட்டும் பார்ப்பதுதான் வேலை என்றால் அந்த எல்லை குறையே இல்லை. வேலையைச் சொல்லாமல் ‘இது போதுமா?’ என்று கேட்டால் எந்தப் பெட்டியும் போதாது.

இதெல்லாம் கஞ்சத்தனத்துக்குக் கட்டிய தத்துவம் என்று ஒருவர் சொல்லலாம். அதற்கு விருதுநகரே பதில் வைத்திருக்கிறது. அந்த ஊர் நாடார் வணிகர்கள் வியாபாரத்தில் ஒரு சிறு பங்கை மகமை என்று எடுத்து வைத்தார்கள். சத்திரிய வித்தியாசாலை 1889ல் எழுந்தது அந்த வழக்கத்தின் பலத்தில்தான். வீடுகளில் பிடி அரிசி எடுத்து வைத்துப் பள்ளிக்குக் கொடுத்தார்கள். உலையில் போடுவதற்கு முன்பே அந்தப் பிடி தனியாகிவிடும், அது எங்கே போகும் என்பதும் முன்பே தெரியும். கஞ்சனுக்கு மிச்சம் பிடிக்கத் தெரியும், மிச்சம் எதற்கு என்று தெரியாது. இரண்டையும் ஒன்றாகப் பார்ப்பது அந்த ஊரைப் பற்றிய கேலிக்கதைகளை மட்டும் கேட்டவர்களின் பழக்கம்.

எதிர்த்திசையிலிருந்து வேதாந்தி வருவார். பார்க்கிற ஆசையே பந்தம், அதற்கு ஒட்டுப்போடுவது பந்தத்தை நீட்டிப்பதுதானே என்பார். இதே மாவட்டத்துத் திருச்சுழியில் பிறந்து, 1896ல் வீட்டை விட்டுத் திருவண்ணாமலைக்குப் போன ரமணரைப் பற்றி அடியார்கள் எழுதி வைத்த ஒரு செய்தி உண்டு. கோவணம் கிழிந்தபோது முள்ளில் துளையிட்டு ஊசியாக்கி, அந்தத் துணியிலிருந்தே நூலை உருவித் தைத்துக்கொண்டாராம். உடம்பையே தான் என்று கொள்ளாதவர் துணியைச் செப்பனிட்டிருக்கிறார். ஆகவே, பழுது பார்ப்பது பற்றுக்கு அடையாளம் என்ற வாதம் நிற்காது. ஆசை வெளிப்படுவது தேவை முடிந்த பிறகும் நீளுகிற கையில்தான்: படம் சரியாக ஓடிய மறுநாளே, அடுத்து எதை மாற்றலாம் என்று விலைப்பட்டியல் பார்க்கும்போது.

கனமான ஆட்சேபம் பட்டாசு ஊரான சிவகாசியிலிருந்து வரும். எல்லாரும் பழசையே ஓட்டினால், ஜனங்கள் செலவு செய்வதை நம்பிப் பிழைக்கிற ஊர் என்னாவது? ஒரே இரவில் எரிந்து போகும் பொருளைச் செய்கிற ஊரிடம் சிக்கனம் பேசலாமா? பேசலாம் என்றே நினைக்கிறேன். பூச்சட்டி தன் வேலையை அரை நிமிடத்தில் முழுசாக முடித்துவிடுகிறது. அதற்குப் பின் யாரும் அதை மேம்படுத்தச் சொல்வதில்லை. வேலை எதுவென்று தெரியாமல் வாங்கிய விலையுயர்ந்த கணினியோடு பார்த்தால் அதில் வீண் குறைவு. ஆனால் வெடித்தவரோடு முடியாத கணக்கும் அதில் உண்டு. 2018 அக்டோபர் 23 அன்று உச்ச நீதிமன்றம் பேரியம் உப்புகளுக்கும் சரவெடிக்கும் தடை போட்டு, தீபாவளியன்று வெடிக்க இரண்டு மணி நேரம் என்று வரையறுத்தது. அடுத்த வீட்டு நுரையீரலும் கணக்கில் சேர்ந்தது.

அதே கேள்வியைச் சிக்கனத்திடமும் கேட்டாக வேண்டும்: மிச்சமான காசை உண்மையில் கொடுத்தது யார்? தீப்பெட்டி மலிவாகக் கிடைத்த காலத்தில் அந்த மலிவின் ஒரு பங்கைக் கொடுத்தவை பிள்ளைகளின் கைகள். 1996 டிசம்பர் 10 தீர்ப்பில் உச்ச நீதிமன்றம், வேலைக்கு வைத்த ஒவ்வொரு குழந்தைக்கும் 20,000 ரூபாயை முதலாளி நல நிதியில் கட்ட வேண்டும் என்றது. கணினியில் இந்தக் கேள்விக்கு இடமில்லை என்று நினைக்க வேண்டாம். தூக்கிப் போட்ட போர்டை எங்கோ ஒருவர் அமிலத்தில் கழுவிப் பிரிக்கிறார். அந்த வகையில் பெட்டியை இன்னும் நாலு வருடம் ஓட்டுவது பிறர் உடம்புக்கும் நல்லது. ஆனால் நூறு ரூபாய் மிச்சத்துக்காகப் பேரில்லாத மலிவு அடாப்டரை மாட்டி, மின்சார ஆபத்தைப் பிள்ளைகள் விளையாடும் கூடத்தில் வைப்பது சிக்கனக் கணக்கில் சேராது. எஸ்எஸ்டி சிறியதாக இருக்கலாம், ராம் செகண்ட் ஹேண்டாக இருக்கலாம், அடாப்டர் மட்டும் அந்தப் பெட்டிக்குரிய வோல்ட்டும் ஆம்பியரும் கொண்ட, பிஐஎஸ் முத்திரை உள்ள நல்ல சரக்காக இருக்க வேண்டும். பட்ஜெட் அதற்கு இடம் தராவிட்டால் ராமை அடுத்த மாதம் வாங்கிக்கொள்ளலாம்.