கணக்கில் வராத செலவு



மாதம் பிறந்துவிட்டது. கும்மிடிப்பூண்டி சிப்காட்டிலே வேலை பார்க்கிறவர்கள் வீட்டில் சம்பளம் வந்து சேர்ந்திருக்கும். அதன் பின்னாலேயே மளிகைக் கடை பாக்கி, பால் பாக்கி, சீட்டுப் பணம், பிள்ளைகளின் வேன் கட்டணம் என்று ஒவ்வொன்றாக வாசலில் வந்து நிற்கும். பத்தாம் தேதிக்குள் பை காலி. 'எங்கே போயிற்று?' என்று கணவன் மனைவியைக் கேட்பான். மனைவி கணவனைக் கேட்பாள். இருவருக்கும் தெரியாது. கைபேசியிலேயே பணம் அனுப்பும் வழக்கம் வந்தபின், பணம் கையை விட்டுப் போவது கண்ணுக்கும் தெரிவதில்லை. இந்தச் சச்சரவு முற்றிய பிறகு சிலர் என்னிடம் வந்து நியாயம் கேட்கிறீர்கள்.

ஆகவேதான் மாதாமாதம் வரவு செலவை எழுதி வையுங்கள் என்று பலமுறை சொல்லி வருகிறேன். அதற்கு இரண்டு விதமான பதில் கிடைக்கிறது. 'எழுதுவதற்கு மீதி ஏதாவது இருந்தால் அல்லவா சாமி, எழுதுவது?' என்பது ஒன்று. இது கஷ்டத்தின் குரல்; இதை நான் அலட்சியம் செய்யவில்லை. ஆனால் கஷ்டப்படுகிறவனுக்கே கணக்கு அதிகம் தேவை. நகைக் கடனுக்கும் கைமாற்றுக்கும் வட்டியாக மட்டும் மாதம் எவ்வளவு போகிறது என்பது எழுதினாலன்றி விளங்காது. 'ஒவ்வொரு ரூபாயையும் எண்ணிக்கொண்டே இருந்தால் மனசு கல்லாகிப் போகாதா? அது கஞ்சன் வேலை அல்லவா?' என்பது இரண்டாவது பதில். இது நல்ல கேள்வி. இன்று இதைச் சற்று ஆராய்ந்து பார்ப்போம்.

உலோபத்தைத் தலையான பாவங்கள் ஏழில் ஒன்றாகத் திருச்சபை போதிக்கிறது. அதனால் செலவு செய்கிறவன் எல்லாம் புண்ணியவான் ஆகிவிடுவானோ? இல்லை. பணத்தை இறுக்கிப் பிடிப்பதும் குற்றம், வாரி இறைப்பதும் குற்றம், இரண்டுக்கும் நடுவே நிற்கும் தாராளமே புண்ணியம் என்று அர்ச்சியசிஷ்ட தோமாஸ் அக்குயினாஸ் கற்பித்தார். அந்த நடுவழி எது என்று கண்ணை மூடிக்கொண்டு எப்படிக் கண்டுபிடிப்பது? கோபுரம் கட்ட விரும்புகிறவன் முதலில் உட்கார்ந்து செலவைக் கணக்கிட வேண்டும் என்பதை நமது ஆண்டவரே உவமையாகச் சொல்லியிருக்கிறார். வியாபாரிகள் இன்றும் கையாளும் இரட்டைப் பதிவுக் கணக்கு முறையை 1494ஆம் ஆண்டில் வெனிஸ் நகரில் அச்சிட்டு உலகுக்கு விளக்கியவர் யார் தெரியுமா? லூக்கா பச்சோலி என்னும் பிரான்சிஸ்கன் துறவி. ஏழ்மை வார்த்தைப்பாடு கொடுத்த ஒருவர்! கணக்குப் புத்தகத்தைச் சிலுவை அடையாளத்தோடு தொடங்குங்கள் என்று அவர் வியாபாரிகளுக்குச் சொன்னார். ஆகவே எண்ணிப் பார்ப்பதில் பாவம் இல்லை; எதற்காக எண்ணுகிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

இதற்கு நம் நாட்டிலேயே ஓர் உதாரணம் உண்டு. மகாத்மா காந்தி 1888 முதல் 1891 வரை லண்டனில் சட்டம் படித்தார். பஸ் கட்டணம், தபால் தலை, பத்திரிகைக்குக் கொடுத்த சில்லறை ஈறாக அனைத்தையும் இரவில் படுக்கப் போகுமுன் எழுதி, இருப்பைச் சரிபார்த்துவிடுவாராம். தங்கும் இடத்தை மாற்றினார், தாமே சமைத்தார், தினமும் எட்டுப் பத்து மைல் நடந்து வண்டிச் சத்தத்தை மிச்சப்படுத்தினார். செலவு பாதியாயிற்று. ஏன் இவ்வளவு பாடு? ஊரிலிருந்து பணம் அனுப்பிக்கொண்டிருந்த தமையனாரின் பாரம் அவர் மனத்தை உறுத்தியது. தம் நோட்டுப் புத்தகத்தில் அண்ணனின் முகத்தைக் கண்டார் என்று சொல்லலாம்.

பிற்பாடு 1902ஆம் ஆண்டில் கல்கத்தாவிலிருந்து ராஜ்கோட்டுக்கு அவர் ரயிலில் போனார். ஏழைகள் படும் கஷ்டத்தை அறிவதற்காகவே மூன்றாம் வகுப்பில் ஏறினார். பன்னிரண்டு அணாவில் ஒரு கித்தான் பை. கோகலே கொடுத்தனுப்பிய டப்பாவில் பூரியும் இனிப்பும். காசி, ஆக்ரா, ஜெய்ப்பூர், பாலன்பூர் ஆகிய ஊர்களில் ஒவ்வொரு நாள் இறங்கி, பெரும்பாலும் யாத்திரீகர்களைப்போலத் தர்மசாலைகளில் தங்கினார். ரயில் கட்டணம் உட்பட மொத்தச் செலவு 31 ரூபாய்க்கு மேல் ஆகவில்லை என்று தம் சுயசரிதையில் குறித்திருக்கிறார்.

இது நிற்க. நம் பங்கிலுள்ள ஓர் இளைஞரைப் பற்றி இப்போது சொல்லவேண்டும். பெயர் வேண்டாம், எழுதுவதற்கு அவரே அனுமதி கொடுத்திருக்கிறார். சிப்காட்டில் ஒரு தொழிற்சாலையில் ஒப்பந்த வேலை. குடி இல்லை, புகை இல்லை. ஒரு நாள் மாலை, பூசைக்குப் பிறகு, ஒரு நாற்பது பக்க நோட்டைக் கொண்டுவந்து என் கையில் கொடுத்தார். அழகான எழுத்து. கைக்கு வந்த சம்பளம் 16,500 ரூபாய். பஸ்ஸுக்கு 900, கைபேசிக்கு 300, டீ பலகாரத்துக்கு 600, கிராமத்திலிருக்கும் தாயாருக்கு 2,000, துணிமணி சில்லறைக்கு 560, முன்பதிவில்லாப் பெட்டியில் வேளாங்கண்ணிக்குப் போய்வந்த செலவு 740. ஆக 5,100. மிச்சம் 11,400 ரூபாய் வங்கியில். "எப்படி சாமி?" என்று கேட்டார். அவர் முகத்தில் பெருமை இருந்தது, இருக்கவேண்டியதுதான். நானும் மனதாரப் பாராட்டினேன்.

பிறகு நோட்டை மறுபடி ஒருமுறை புரட்டினேன். அரிசி இல்லை. காய்கறி இல்லை. காஸ் சிலிண்டர் இல்லை, வாடகை இல்லை, மின்சாரம் இல்லை. "சாப்பாடு எங்கே, தம்பி?" என்று கேட்டேன். "அக்கா வீட்டில்தானே இருக்கிறேன், சாமி" என்றார். வேளாங்கண்ணியில் இரண்டு நாள் சாப்பாடு? "நாகப்பட்டினத்தில் சிநேகிதன் வீடு இருக்கிறது." எனக்கு அந்த அக்காவைத் தெரியும். நான் தெரிந்து வைத்திருந்ததைச் சொல்ல எனக்கு உரிமை இல்லை. ஆகவே, "வீட்டுக்குப் போய் அக்காவின் கணக்கையும் கேட்டுப் பாரும்" என்று மட்டும் சொல்லி அனுப்பினேன்.

இரண்டு நாள் கழித்துத் தலை குனிந்தபடி வந்தார். மூத்த பிள்ளையின் பள்ளிக் கட்டணத்துக்காக அந்தச் சகோதரி தம் வளையலை அடகு வைத்து ஏழு மாதம் ஆகியிருந்தது. கடன் 22,000 ரூபாய், வட்டி தனி. அதே கூரையின்கீழ், அதே ஏழு மாதத்தில், தம்பியின் சேமிப்பு வளர்ந்துகொண்டே போயிருக்கிறது. அவர் பொய்க் கணக்கு எழுதவில்லை. எழுதிய ஒவ்வொரு வரியும் உண்மை. ஆயினும் முழுக் கணக்கு உண்மையாக இல்லை. அவர் நோட்டில் விழாத செலவு அக்காவின் வளையலில் விழுந்திருந்தது.

கணக்கு எழுதுகிற நமக்கெல்லாம் உள்ள பெரிய சோதனை இதுவே. கஞ்சத்தனத்தைவிட இது நுட்பமானது. ஏனெனில் சிக்கனம் என்ற நல்ல பெயரோடு வருகிறது. நான் குறைத்த செலவு உண்மையில் குறைந்ததா, அல்லது வேறொருவர் தலையில் ஏறியதா? இந்தக் கேள்வியைக் கேளாத சிக்கனம் புண்ணியம் ஆகாது. வேலைக்கு வருகிற அம்மாளுக்கு ஐம்பது ரூபாய் குறைத்துக் கொடுத்துவிட்டு, 'இந்த மாதம் செட்டாக நடத்தினேன்' என்று எழுதுகிறவர்களும் நம்மில் உண்டு. வயலில் பூப்பறிக்கிறவளிடம் பேரம் பேசி மிச்சப்படுத்தியது மிச்சம் அல்ல, அவளுடைய கூலி.

இந்தக் கேள்வியை மகாத்மாவிடமே கேட்டவர் ஒருவர் இருந்தார். அவர் தமிழர், கிறிஸ்தவர், தொழிலால் கணக்கர். 1892இல் தஞ்சாவூரில் பிறந்த ஜே. சி. குமரப்பா லண்டனில் கணக்கியல் கற்று, பம்பாயில் தணிக்கையாளராக இருந்து, அமெரிக்காவில் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பொருளாதாரம் படித்தவர். 1929இல் காந்தியைச் சந்தித்தபின் கோட்டு சூட்டைக் களைந்து கதருக்கு மாறினார். 1934 ஜனவரி 15ஆம் தேதி பீகாரில் பெரிய பூகம்பம் ஏற்பட்டது. பாபு ராஜேந்திர பிரசாத்தின் தலைமையில் நிவாரணக் குழு அமைந்தது. பணத்தைக் காக்கும் பொறுப்பு குமரப்பாவிடம் வந்தது. தொண்டர் ஒருவருக்கு ஒரு நாள் சாப்பாட்டுக்கு மூன்று அணா என்று அவர் வரையறுத்தார். பிறகு காந்தி தம் பரிவாரத்தோடு அங்கே வந்தார். அந்தக் கூட்டத்தாரின் பால், பழம், மோட்டார் பெட்ரோல் ஆகியவற்றுக்கு நிவாரண நிதியிலிருந்து பணம் தர முடியாது என்று காந்தியின் காரியதரிசி மகாதேவ தேசாயிடம் குமரப்பா சொல்லிவிட்டார். செய்தி காந்திக்கு எட்டியது. குமரப்பாவை அழைத்து விசாரித்தார், காரணத்தைக் கேட்டார், அவர் சொல்வதே சரி என்று ஏற்றுக்கொண்டார்.

யோசித்துப் பாருங்கள். தம் சொந்தக் கணக்கில் காந்தி மிக எளிமையானவர். ஆனால் அந்த எளிமையின் செலவு, வீடிழந்தவர்களுக்காக வந்த காசின்மேல் விழக்கூடாது என்று ஒருவர் எடுத்துச் சொல்லவேண்டியிருந்தது. சொல்லுகிற தைரியம் ஒருவருக்கு இருந்தது. ஏற்கிற தாழ்ச்சி மற்றவருக்கு இருந்தது. நம் குடும்பங்களிலும் இந்த இரண்டும் வேண்டும்.

'அப்படியானால் யார் வீட்டிலும் கை நனைக்கக் கூடாதா? தமக்கை தம்பிக்குச் சோறு போட்டால் அதற்குமா கணக்கு?' என்று நீங்கள் கேட்பது எனக்குக் கேட்கிறது. அப்படியல்ல. வருஷந்தோறும் செப்டம்பர் 8ஆம் தேதித் திருவிழாவுக்காகச் சென்னையிலிருந்து வேளாங்கண்ணிக்கு முந்நூறு கிலோமீட்டருக்கு மேல் நம்மவர்கள் நடந்து போகிறார்கள். வழியெல்லாம் சாப்பாடும் மோரும் கொடுத்து உபசரிக்கிறார்கள். கொடுக்கிறவர்களில் கிறிஸ்தவர் அல்லாதாரும் உண்டு. நம் ஊரிலும் ஆடி மாதத்து ஞாயிறுகளில் பவானியம்மன் கோயிலுக்கு வருகிற கூட்டத்துக்கு எத்தனை பேர் தண்ணீர்ப் பந்தல் வைக்கிறார்கள்! அன்பினால் கொடுப்பதை அன்பினால் வாங்கிக்கொள்வதே முறை. ஒரு கவளத்துக்கும் விலை போட்டால் அது உபசாரத்தை அவமதிப்பதாகும். ஆனால் விலை போடுவது வேறு, நினைவில் வைப்பது வேறு. வாங்கியதை மறப்பதுதான் குற்றம். 2021 மே மாதம் சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணம் தொடங்கியது. சீட்டில் விலை இல்லாவிட்டாலும் டீசலுக்கும் ஓட்டுநர் சம்பளத்துக்கும் ஊரார் வரி கொடுக்கத்தான் செய்கிறார்கள். இலவசம் என்று உலகில் ஒன்றுமில்லை. யாரோ கொடுத்தது என்பதே உண்டு.

இதை எழுதுகிற நானும் உத்தமன் அல்லேன். குருமடத்தில் கற்றபடி, என் சொந்தச் செலவை மாதாமாதம் எழுதி வருகிறேன். போன மாதம் உணவுக்கு நான் எழுதிய தொகை மிகச் சிறியது. அதைக் கண்டு உள்ளூர மகிழ்ந்தும் இருக்கிறேன். அந்த இளைஞர் போனபின் என் நோட்டை எடுத்துப் பார்த்தேன். எத்தனை நாள் உங்கள் வீட்டுக் குழம்பு தூக்குப் பாத்திரத்தில் வந்தது! அதில் இரண்டு வீடுகளில் அந்த மாதம் வேலை இல்லை என்பது எனக்குத் தெரியும். ஒரு வரிகூட நான் எழுதியிருக்கவில்லை.

ஆகவே, ஒரு சிறிய யோசனை சொல்கிறேன். வரவு ஒரு பத்தி, செலவு ஒரு பத்தி என்று எழுதுகிற நோட்டில் மூன்றாவதாக ஒரு பத்தியை ஒதுக்குங்கள். 'பிறர் பட்டது' என்று அதற்குத் தலைப்பு இடுங்கள். அதில் ரூபாய் எழுதவேண்டாம். பெயர் எழுதினால் போதும். அக்கா, சாப்பாடு. பக்கத்து வீட்டுக்காரர், ஆஸ்பத்திரிக்கு வண்டி. மாமியார், பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டது. மாதக் கடைசியில் குடும்பமாக உட்கார்ந்து மூன்று பத்திகளையும் வாசியுங்கள். இரவு ஜெபத்தில் ஆத்தும சோதனை செய்வதைப்போல இதுவும் ஒரு சோதனை. யாருக்குத் திருப்பிச் செய்யவேண்டும், யாருக்கு நன்றி சொன்னாலே போதும், யாருடைய சுமையை இனி ஏற்றக்கூடாது என்பது அப்போது தானாக விளங்கும்.

அந்த இளைஞர் என்ன செய்தார் என்று கேட்பீர்கள். மாதம் 4,500 ரூபாயை அக்காவிடம் கொடுக்கப் போனார். "தம்பியிடம் சோற்றுக்குக் காசு வாங்குவேனா? நான் என்ன ஓட்டலா நடத்துகிறேன்?" என்று அந்தச் சகோதரி அழுதுவிட்டார். பணத்தைக் கையால் தொடவில்லை. இவர் இரண்டு நாள் யோசித்தார். பிறகு அக்காவிடம் அடகுச் சீட்டை மட்டும் வாங்கிக்கொண்டு போய், கடனும் வட்டியும் கட்டி, வளையலை மீட்டுக்கொண்டு வந்து கொடுத்தார். இப்போது சிலிண்டரும் மின்சாரமும் இவர் பொறுப்பு. "சேமிப்பு குறைந்துவிட்டது, சாமி" என்று சென்ற ஞாயிறு சொன்னார். நோட்டைக் காட்டச் சொன்னேன். மூன்றாவது பத்தியில் அக்காவின் பெயர் இன்னும் இருந்தது. அது இருக்கவேண்டியதுதான் என்றேன்.

இந்த வாரமே ஒரு நோட்டு வாங்குங்கள். முதல் பக்கத்தின் தலையில் சிலுவை அடையாளம் இடுங்கள். பிறகு கோடு போடுங்கள், மூன்று பத்தி.

உங்கள் பங்குக் குரு