மூன்றாவது செட்

எடை தூக்குவதைப் பற்றி இந்தப் பக்கங்களில் எழுதுவது நண்பர்கள் சிலருக்கு வேடிக்கையாகப் படலாம். எழுத நேர்ந்தது தேகத்தின் மேலுள்ள அக்கறையினால் அல்ல. இரண்டு நிமிஷத்தைப் பற்றிய உறுத்தலினால்.

வங்கி வேலை முடிந்து வாரத்தில் மூன்று நாள் மாலை ஜிம்முக்குப் போகிறேன். நான் பின்பற்றும் முறை பழையது. தாமஸ் டிலோர்ம் என்ற அமெரிக்க ராணுவ டாக்டர், இரண்டாம் உலக யுத்தத்தில் காயம்பட்ட சிப்பாய்களின் கால்களுக்குப் பலம் திரும்புவதற்காகத் தொடங்கிய பயிற்சியிலிருந்து வந்தது. பத்து தடவைக்கு மேல் தூக்க முடியாத எடை எதுவோ அதில் பாதியை முதலில் பத்து தடவை. பிறகு முக்கால் பங்கைப் பத்து தடவை. கடைசியில் முழு எடையைப் பத்து தடவை. பார்பெல்லைத் தோளில் வைத்து நான் போடும் பஸ்கிக்கு இது 30, 45, 60 கிலோ.

அன்று 45 கிலோ முடிந்ததும் அம்மாவிடமிருந்து போன். "அப்பா பாத்ரூம்ல விழுந்துட்டார்டா. அடி ஒண்ணும் இல்லைங்கறார். என்னால தூக்க முடியலை, வா." "இதோ வரேம்மா" என்றேன். சொல்லிவிட்டு, இரண்டு பக்கமும் பிளேட்டுகளைச் சேர்த்து, 60 கிலோவில் பத்தும் போட்டு, நோட்டில் குறித்துவிட்டுத்தான் கிளம்பினேன். இரண்டு நிமிஷம் ஆகியிருக்கும்.

அப்பா ஈரத் தரையில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். அக்குளில் கைகொடுத்துத் தூக்கினேன். பார்பெல்லில் எங்கே பிடிப்பது என்று தெரியும்; வயசான உடம்பில் எங்கே பிடித்தாலும் வலிக்கிறது. கட்டிலில் உட்கார வைத்ததும் கேட்டார்: "எக்ஸர்ஸைஸைப் பாதியில விட்டுட்டு வந்தியாடா?" "இல்லைப்பா, முடிச்சுட்டேன்" என்றேன். அவர் முகத்தில் நிம்மதி தெரிந்தது. நான் சொன்னது நிஜம். அது பொய்யாக இருந்திருக்கக் கூடாதா என்று அன்றிலிருந்து நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

விளைவை வைத்துத் தீர்ப்புச் சொல்கிறவர்களுக்கு இங்கே வழக்கே இல்லை. அந்த இரண்டு நிமிஷத்தினால் அப்பாவுக்கு ஒரு கெடுதலும் நேரவில்லை. வழியில் ரயில்வே கேட் மூடியிருந்தால் இதைவிட அதிகம் ஆகியிருக்கும். ஆனால் கேட் மூடியிருப்பது வேறு, நான் மூடிக்கொள்வது வேறு. அம்மாவின் குரலைக் கேட்ட பிறகு அந்த நேரம் என்னுடையதல்ல. என்னுடையதல்லாததை எடுத்து என் கணக்கில் வரவு வைத்திருக்கிறேன். வங்கியில் இதற்கு என்ன பெயர் என்று எனக்கு நன்றாகத் தெரியும்.

எதற்காக எடுத்தேன்? பலத்துக்காக என்று சொல்ல முடியாது. 1945ல் டிலோர்ம் தம் முறையை முதலில் வெளியிட்டபோது எழுபதிலிருந்து நூறு தடவை வரை தூக்கச் சொன்னார். 1948ல் வாட்கின்ஸுடன் சேர்ந்து எழுதியபோது அதை இருபது முப்பதாகக் குறைத்துவிட்டார். அவ்வளவு தேவையில்லை என்று கண்டார். ஆக, நான் முழுமை என்று கட்டிக்கொண்டிருந்த முப்பது, ஏற்கனவே வெட்டிக் குறைக்கப்பட்ட ஒன்று. தசைக்கு முப்பது என்ற எண் தெரியாது. ஒரு மாலை பத்து தடவை குறைந்தால் அது இளைத்துப் போவதுமில்லை. முப்பது தேவைப்பட்டது நோட்டுக்கு. நோட்டைப் புரட்டிப் பார்க்கும் எனக்கு.

கோல்ரிட்ஜை நினைத்துக்கொள்கிறேன். 1816ல் 'குப்ளா கான்' கவிதையை வெளியிட்டபோது, போர்லாக்கிலிருந்து ஏதோ காரியமாக வந்த ஆள் ஒரு மணி நேரத்துக்கு மேல் பிடித்துவைத்துக்கொண்டதால் மிச்சம் மறந்துபோயிற்று என்று முன்னுரை எழுதினார். அப்படி ஓர் ஆள் வந்தானா, கவிதை நின்றுபோனதற்குச் சொன்ன சாக்கா என்று விமர்சகர்கள் சந்தேகப்பட்டிருக்கிறார்கள். சாக்கு என்றால், அது வராத ஆளை வரவழைத்தது. என்னுடையது வந்த ஆளை வாசலில் நிறுத்தி வைத்தது. இரண்டும் ஒரே பயத்திலிருந்து வருகிறவை: பாதியில் நின்றதைப் பாதி என்று பார்க்கத் துணிவில்லை. ஐம்பத்துநாலு வரிகள் அப்படியே நிற்கின்றன, முன்னுரையின் தயவில்லாமல். என் இருபதும் நின்றிருக்கும்.

வங்கியில் சாயங்காலம் கணக்கு நேராகாவிட்டால், வித்தியாசத்தை சஸ்பென்ஸ் கணக்கில் போட்டு வைப்போம். நேரான மாதிரி எழுதுவது குற்றம். நேராகவில்லை என்று எழுதுவது நடைமுறை. வயிற்றுப்பாட்டுக்குச் செய்யும் வேலையில் இந்த நேர்மை எனக்குச் சுலபமாக வருகிறது. நோட்டில் '45 கிலோ வரை' என்று எழுதி மூடியிருக்க வேண்டும். அடுத்த முறை பாக்கியைச் சேர்த்துப் போடுவதும் இல்லை. அது விடுபட்டதை ஒப்புக்கொள்ளாத இன்னொரு வழி.

கட்டுப்பாடு வேண்டாமா, ஒவ்வொரு போனுக்கும் பார்பெல்லைக் கீழே வைத்தால் என்ன பயிற்சி என்று கேட்கலாம். நியாயம்தான். வேறு அழைப்புகளைக் காக்க வைத்திருக்கிறேன், உறுத்தியதில்லை. அன்று உறுத்தியதற்குக் காரணம் அழைத்தது அம்மா என்பதல்ல. "இதோ" என்று சொன்னது நான்.

இப்போது முறையை மாற்றிவிட்டேன். 1951ல் ஜினோவியெஃப் எழுதிய ஆக்ஸ்ஃபோர்டு முறை டிலோர்மைத் தலைகீழாக்கியது. முழு எடை முதலில், பிறகு படிப்படியாகக் குறைப்பது. அவர் யோசித்தது களைப்பைப் பற்றி. நான் யோசித்தது போனைப் பற்றி. உடம்பைச் சூடாக்கிக்கொண்டு 60 கிலோவை முதலில் முடித்துவிடுகிறேன். அதன் பிறகு யார் கூப்பிட்டாலும் மிச்சத்தைப் போட்டுவிட்டு ஓடலாம், பெரிய நஷ்டமில்லை.

பயிற்சிக்கு இது நல்ல ஏற்பாடுதான். எனக்கு நல்லதா என்று தெரியவில்லை. விடுவதற்கு ஒன்றுமில்லாதபடி முன்கூட்டியே எடுத்து வைத்துக்கொண்டு, பிறகு விட்டுக்கொடுப்பது எந்த வகை விட்டுக்கொடுத்தல்? நான் மாறியிருக்கிறேனா, வரிசை மட்டும் மாறியிருக்கிறதா என்று தெரிய, முழு எடை தோளில் ஏறும் முன்னால் இன்னொரு தடவை போன் அடிக்க வேண்டும். அடிக்க வேண்டாம் என்றுதான் இருக்கிறது. அப்பாவுக்காக மட்டும் என்று சொல்ல மாட்டேன்.