சாவி யார் கையில்?

எளிமையை நாம் பெரும்பாலும் அழகியல் பிரச்னையாகவே பேசி வந்திருக்கிறோம். அது அறம் சார்ந்த பிரச்னையும்கூட என்ற எண்ணம் எனக்கு மறையாக்கத்தின் சரித்திரத்தைப் படித்தபோதுதான் வலுப்பட்டது.

1883-ல் ஆகுஸ்த் கெர்க்காஃப்ஸ் ராணுவச் சங்கேதங்களுக்கு ஆறு விதிகள் வகுத்தார். அடிக்கடி எடுத்துச் சொல்லப்படுவது இரண்டாவது: முறை எதிரியின் கையில் சிக்கினாலும் கேடு விளையக்கூடாது. அதாவது, ரகசியம் முறையில் இல்லாமல் சாவியில் இருக்கவேண்டும். ஆறாவதை அதிகம் பேர் பொருட்படுத்துவதில்லை: முறை கையாள எளிதாக இருக்கவேண்டும், மனத்தை வருத்தக்கூடாது. பாரம் முழுவதையும் சாவியின்மேல் ஏற்றிவிட்டு, சாவியை வைத்திருப்பவனுக்குச் சிரமம் கூடாது என்றால் எப்படி? இன்றைய மென்பொருள்காரனின் தர்மசங்கடமும் இதுதான். அவன் விஷயத்தில் சாவி என்பது ஒரு நீண்ட எண். அதை உண்டாக்கவேண்டும், காக்கவேண்டும், தொலையாமல் பார்த்துக்கொள்ளவேண்டும்.

1999-ல் விட்டன், டைகர் என்ற இரு ஆய்வாளர்கள், மின்னஞ்சலை மறையாக்கும் பி.ஜி.பி. என்ற மென்பொருளை 12 பேரிடம் கொடுத்து 90 நிமிஷம் அவகாசம் தந்தார்கள். மூன்றில் ஒரு பங்கினரே காரியத்தைச் சரிவரச் செய்தார்கள். 3 பேர் காக்கவேண்டிய ரகசியத்தையே தவறுதலாக வெளியே விட்டுவிட்டார்கள். பயன்படுத்துகிறவனுக்குப் போதாது என்று சொல்லிவிடலாம். புரியாமை வாசகனின் குறை என்று நாமும்தான் பல வருஷங்களாகச் சொல்லிவருகிறோம். ஆனால் கஷ்டம் எப்போதும் யாரையாவது வெளியே நிறுத்துகிறது. அப்படி நிற்பவர்களில் பாதுகாப்பு மிகத் தேவைப்படுகிறவனும் இருக்கக்கூடும்.

2016-ல் வாட்ஸ்அப் தன் செய்திகள் அனைத்தையும் மறையாக்கியபோது, நூறு கோடிக்கும் மேற்பட்டோர் சாவி என்று ஒன்று இருப்பதே தெரியாமல் பூட்டைப் பெற்றார்கள். இதைச் சிறிய விஷயமாக நான் நினைக்கவில்லை. கஷ்டம் மறைந்துவிடவில்லை; தெரிந்தவர்கள் அதைத் தங்கள் தோளில் வாங்கிக்கொண்டார்கள்.

வேறு மாதிரியும் நடக்கும். 2006-ல் டெபியன் இயங்குதளத்தில், சோதனைக் கருவி ஆட்சேபித்தது என்பதற்காக ஓரிரு வரிகளை நீக்கினார்கள். சாவிக்குத் தற்செயல் தன்மையைக் கொடுத்ததே அந்த வரிகள்தான். அதன்பின் ஒவ்வொரு வகையிலும் உண்டாகக்கூடிய சாவிகள் சுமார் 32,768-க்குள் அடங்கிப்போயின. ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தே பூட்டைத் திறந்துவிடலாம். 2008 வரை யாருக்கும் சந்தேகம் எழவில்லை. பூட்டு பார்வைக்குப் பழையபடியே இருந்தது. இங்கே கஷ்டத்தை யாரும் வாங்கிக்கொள்ளவில்லை, தூக்கி எறிந்துவிட்டார்கள்.

இவ்விரண்டையும்விடச் சிக்கலானது மறதி. ஒருவன் தன் கைப்பிரதிகளை மறையாக்கி வைத்துவிட்டு இறந்துபோகிறான். கடவுச்சொல் மனைவிக்குத் தெரியாது. "எப்படியாவது திறந்து கொடுங்கள்" என்று அவள் கேட்கிறாள். அவளுக்காகத் திறக்கக்கூடிய நிறுவனம், அரசு கேட்டாலும் திறக்கக்கூடியதுதான். மறதியை மன்னிக்கிற பூட்டு முழு ரகசியத்தைத் தரமுடியாது. 2021-ல் வாட்ஸ்அப் தன் சேமிப்புப் பிரதிகளுக்கு 64 இலக்கச் சாவி ஒன்றை அளித்தபோது, அதைத் தொலைத்தால் தன்னாலும் மீட்டுத்தர இயலாது என்று சொல்லியே அளித்தது. கொடூரமாகத் தோன்றினாலும் அது நேர்மையான வாக்கியம்.

ஆகவே எளிமையாக்குகிறவனிடம் நான் எதிர்பார்ப்பது ஒன்றுதான். கணிதத்தை அவன் எனக்கு விளக்கவேண்டாம். என்னிடமிருந்து இறக்கிய பாரத்தை எங்கே வைத்தான், யாரிடம் கொடுத்தான் என்பதைச் சொல்லவேண்டும். அந்த மனைவிக்குக் கிடைக்கவேண்டிய பதிலை, அவள் கணவன் பூட்டிய அன்றே அவனிடம் சொல்லியிருக்கவேண்டும்.